வட்டு நிலைக்குமா, குலையுமா? மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளை விண்மீன் மண்டலத்தில் சோதிக்க ஒரு முழு வழிகாட்டி

சுருள் விண்மீன் மண்டலம் ஒன்றின் சுழற்சி வேகத்தை மையத்திலிருந்து வெளியே போகப் போக அளந்தால், அங்கே தெரியும் விண்மீன்களும் வாயுவும் தரக்கூடிய ஈர்ப்பு போதவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் ஒரு பெரிய உருண்டையாக, அதாவது ஹேலோவாக, மண்டலத்தைச் சூழ்ந்திருக்கிறது என்பது ஒன்று. ஈர்ப்பு விதியே மிகக் குறைந்த முடுக்கத்தில் மாறுகிறது என்பது மற்றொன்று.

சுழற்சி வேகத்தை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. எந்த வேக வளைகோட்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு ஹேலோவை அமைத்துவிடலாம். ஆனால் வட்டின், அதாவது விண்மீன்களும் வாயுவும் தட்டையாகப் பரவிச் சுழலும் பகுதியின், நிலைத்தன்மையை எடுத்துக்கொண்டால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஹேலோ வட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. வட்டில் எழும் சிற்றலையோடு அது சேர்ந்து எழுவதில்லை. மாற்று ஈர்ப்பில் கூடுதல் இழுப்பு வட்டின் சொந்த நிறையிலிருந்தே வருகிறது. அங்கே அலை எழுந்தால் இழுப்பும் கூடவே எழும். இந்த ஒரு வேறுபாட்டை எண்களாக மாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். ஒரு கால்குலேட்டரோ எக்செல் தாளோ போதும்.

படி 1: நியூட்டன் கணக்கை முதலில் கையில் எடுங்கள்

மெல்லிய வட்டு ஒன்றில் ஓரிடத்தில் கொஞ்சம் நிறை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அக்கம்பக்கத்தை இழுத்து மேலும் கூடப் பார்க்கும். இரண்டு விஷயங்கள் அதைத் தடுக்கின்றன. விண்மீன்களின் தாறுமாறான அசைவு சிறிய திரட்சிகளைக் கலைத்துவிடுகிறது. வட்டின் சுழற்சி மிகப் பெரிய திரட்சிகளைப் பிய்த்துவிடுகிறது. ஆபத்து இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவுகளில்தான்.

எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அலார் டூம்ரே 1964-இல் இதை ஒரே எண்ணில் அடக்கினார். அதை டூம்ரே எண் என்கிறோம்:

டூம்ரே எண் = (வேகச் சிதறல் × எபிசைக்கிள் அதிர்வெண்) ÷ (3.36 × ஈர்ப்பு மாறிலி × பரப்படர்த்தி)

இது விண்மீன் வட்டுக்கான வடிவம். வாயு வட்டுக்கு 3.36-க்குப் பதில் பை, அதாவது 3.14. எண் 1-க்குக் கீழே போனால் வட்டு உள்ளூர் அளவிலேயே உடைந்து திரளும். 1-க்கும் 2-க்கும் இடையில் சுருள் கைகள் உயிர்ப்போடு இருக்கும். 3-ஐத் தாண்டினால் வட்டு அநேகமாக ஊமை. அதில் அலை எழுப்புவதே கடினம்.

பரப்படர்த்தி என்பது வட்டின் ஒரு சதுர அலகுப் பரப்பில் அடங்கும் நிறை. வேகச் சிதறல் என்பது விண்மீன்கள் தங்கள் வட்டப்பாதை வேகத்திலிருந்து எவ்வளவு விலகி அலைகின்றன என்பதன் அளவு. எபிசைக்கிள் அதிர்வெண் என்பது, பாதையிலிருந்து சற்றே தள்ளப்பட்ட விண்மீன் உள்ளும் புறமும் ஊசலாடும் வேகம். சுழற்சி வேகம் ஆரத்தோடு மாறாத பகுதியில் அதன் மதிப்பு 1.41 × வேகம் ÷ ஆரம்.

அலகுகளில் கவனம் வேண்டும். தூரத்துக்குப் பார்செக் (சுமார் 3.26 ஒளியாண்டு), நிறைக்குச் சூரிய நிறை, வேகத்துக்குக் கி.மீ./விநாடி என்று வைத்துக்கொண்டால் ஈர்ப்பு மாறிலி 0.0043. சூரியனின் சுற்றுப்புறத்தில் சோதித்துப் பாருங்கள்: சிதறல் 38, எபிசைக்கிள் அதிர்வெண் பார்செக்குக்கு 0.037, விண்மீனும் வாயுவும் சேர்ந்த பரப்படர்த்தி சதுர பார்செக்குக்குச் சுமார் 48 சூரிய நிறை. விடை 2-ஐ ஒட்டி வரவேண்டும். வந்தால் உங்கள் எக்செல் தாள் சரியாக இருக்கிறது.

படி 2: டூம்ரே எண் பாதிக் கதைதான் என்பதை மறக்காதீர்கள்

டூம்ரே எண் உள்ளூர் ஆபத்தை மட்டும் சொல்கிறது. வட்டு முழுவதும் ஒன்றாக நெளிந்து, நடுவில் நீண்ட பட்டையாக மாறிவிடும் ஆபத்து தனி. 1971-இல் ஃபிராங்க் ஹோல் 1,00,000 துகள்களை வைத்துக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, உள்ளூர் அளவில் நிலையாக இருக்கவேண்டிய வட்டு பட்டையாகிவிட்டது. 1973-இல் ஜெரிமையா ஆஸ்ட்ரைக்கரும் ஜேம்ஸ் பீபிள்ஸும் சில நூறு துகள்களை மட்டும் வைத்து ஒரு விதியைத் தந்தார்கள்: சுழற்சி ஆற்றல், ஈர்ப்பு ஆற்றலில் ஏறத்தாழ 0.14 பங்கைத் தாண்டினால் வட்டு பட்டையாகும். நம் பால்வெளி போன்ற மண்டலம் இந்த எல்லையை வெகுவாகத் தாண்டி நிற்கிறது. ஆகவே அதைச் சூழ்ந்து கனமான, அதிகம் சுழலாத ஹேலோ இருக்கவேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

கரும்பொருள் ஹேலோவுக்கு வாதாடிய முதல் வலுவான குரல்களில் ஒன்று இப்படி நிலைத்தன்மையிலிருந்துதான் வந்தது. எனவே ஹேலோ வேண்டாம் என்கிற எந்தக் கோட்பாடும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

படி 3: எந்தக் கோட்பாடு என்று தீர்மானியுங்கள்

'மாற்று ஈர்ப்பு' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கணக்கு போட முடியாது. முதலில் மாண்டை, அதாவது குறைந்த முடுக்கத்தில் நியூட்டன் இயக்கவியலை மாற்றும் கோட்பாட்டை, எடுத்துக்கொள்வோம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்டெஹாய் மில்குரோம் 1983-இல் முன்வைத்தது இது. முடுக்கம் 1.2 × 10⁻¹⁰ மீ/வி² என்ற அளவுக்கு வெகு கீழே போகும்போது, உண்மை முடுக்கம் என்பது நியூட்டன் முடுக்கத்தையும் இந்த மாறிலியையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த மதிப்பு. நம் அலகில் இந்த மாறிலி கிலோபார்செக்குக்கு 3,700 (கி.மீ./வி)².

இந்த வர்க்கமூலம் நிலைத்தன்மைக்கு நேரடியாக உதவுகிறது. வட்டின் ஒரு பகுதியில் நிறை 10 சதவீதம் கூடினால் நியூட்டன் ஈர்ப்பும் 10 சதவீதம் கூடும். ஆழ்ந்த மாண்டில் 5 சதவீதம்தான் கூடும். ஹேலோ இல்லாத வெறும் நியூட்டன் வட்டைவிட மாண்டு வட்டு அமைதியாக இருப்பதற்கு இதுதான் அடிப்படை. கனமான ஹேலோவுக்குள் இருக்கும் வட்டிலோ, மொத்த ஈர்ப்பில் வட்டின் பங்கு பத்தில் ஒன்று என்றால் அந்த 10 சதவீதம் வெறும் 1 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஆக மாண்டு நடுவில் நிற்கிறது: வெறும் வட்டைவிட நிலையானது, கனத்த ஹேலோவுக்குள் இருக்கும் மெலிந்த வட்டைவிடத் துடிப்பானது.

ஆனால் அந்த வர்க்கமூலச் சூத்திரத்தை நேரே வட்டில் போடக்கூடாது. அப்படிப் போட்டால் உந்தம் காக்கப்படாது. முறையான புலச் சமன்பாடு வேண்டும். யாக்கோப் பெக்கன்ஸ்டைனும் மில்குரோமும் 1984-இல் தந்த அக்வல் ஒன்று. மில்குரோம் 2010-இல் தந்த கியூமாண்டு இன்னொன்று. கைக்கணக்குக்கும் கணினிக்கும் கியூமாண்டு எளிது: நியூட்டன் புலத்தை முதலில் கண்டுபிடித்து, அதை ஒரு பெருக்கியால் பெருக்கி, கிடைப்பதை மூலமாக வைத்து வழக்கமான நியூட்டன் சமன்பாட்டையே இன்னொரு முறை தீர்த்தால் போதும். அந்தப் பெருக்கியை 'நியூ' என்று அழைப்போம்.

படி 4: ஈர்ப்பு மாறிலியை மாற்றுங்கள்

டூம்ரே எண்ணின் வடிவம் அப்படியே நிற்கிறது. உள்ளே இருக்கும் ஈர்ப்பு மாறிலி மட்டும் மாறுகிறது. அக்வலுக்கான மாற்றத்தை மில்குரோம் 1989-இல் கண்டார். கியூமாண்டுக்கானதை இந்திரனில் பானிக், மில்குரோம், ஹாங்ஷெங் ஜாவோ மூவரும் 2018-இல் தந்தார்கள். கியூமாண்டில் அது இப்படி:

புதிய மாறிலி = பழைய மாறிலி × நியூ × (1 + சரிவு ÷ 2)

நியூட்டன் முடுக்கம் ஒரு சதவீதம் கூடினால் நியூ எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதுதான் சரிவு. சாதாரண நியூட்டன் எல்லையில் அது 0. ஆழ்ந்த மாண்டில் −0.5. ஆகவே ஆழத்தில் புதிய மாறிலி, நியூவின் 0.75 மடங்காகிறது. அக்வலில் அதே இடத்தில் 0.71 மடங்கு வரும். இரண்டு சமன்பாடுகளும் இவ்வளவு நெருங்கி வருவது நல்ல செய்தி. விடை எந்த வடிவத்தைத் தேர்ந்தோம் என்பதை அதிகம் சார்ந்திருக்கவில்லை.

இங்கே இரண்டு இடங்களில் பலரும் வழுக்குகிறார்கள். மாண்டு தரும் கூடுதல் ஈர்ப்பை 'ஒரு ஹேலோ இருப்பதுபோல' மாற்றி எழுதிவிட்டு, பழைய டூம்ரே எண்ணையே போடுவது முதல் தவறு. சுழற்சி வேகம் அப்போதும் சரியாகத்தான் வரும். ஆனால் அலையோடு சேர்ந்து எழும் இழுப்பு கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். கேள்வியே அதைப் பற்றியதுதான். இரண்டாவது, நியூவைக் கணக்கிட ஆரத்திசை முடுக்கத்தை மட்டும் எடுப்பது. வட்டின் மேற்பரப்புக்குச் சற்று வெளியே செங்குத்து இழுப்பும் இருக்கிறது. அதன் அளவு 2 × பை × ஈர்ப்பு மாறிலி × பரப்படர்த்தி. இரண்டையும் வர்க்கங்களாகக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கவேண்டும்.

படி 5: ஒரு மங்கலான வட்டை முழுதாகக் கணக்கிடுவோம்

மாற்று ஈர்ப்பைச் சோதிக்க மங்கலான மண்டலங்களே சிறந்த களம். முடுக்கம் அங்கே மிகக் குறைவு. ஒரு மாதிரி வட்டு எடுத்துக்கொள்வோம். மையப் பரப்படர்த்தி சதுர பார்செக்குக்கு 50 சூரிய நிறை. ஒவ்வொரு 3 கிலோபார்செக்குக்கும் அது 2.718 மடங்கு குறைகிறது. மொத்த நிறை சுமார் 280 கோடி சூரியன்கள். 6 கிலோபார்செக் ஆரத்தில் நிற்போம்.

அங்கே பரப்படர்த்தி 6.8. வட்டு தரும் ஆரத்திசை நியூட்டன் முடுக்கம், மில்குரோம் மாறிலியின் 0.070 பங்கு. நியூவுக்கு வழக்கத்தில் உள்ள 'எளிய' வடிவத்தை எடுக்கலாம்: முடுக்கத்தை மாறிலியின் பங்காக எழுதி, 1-ஐ அதனால் வகுத்து, 0.25 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.5 கூட்டவேண்டும். இதில் போட்டால் சுழற்சி வேகம் 82 கி.மீ./வி என்று வரும். கரும்பொருள்காரர்கள் இதே 82-ஐ ஹேலோ வைத்து வரவழைப்பார்கள். ஆக எபிசைக்கிள் அதிர்வெண் இருவருக்கும் ஒன்றே: 1.41 × 82 ÷ 6, அதாவது கிலோபார்செக்குக்கு 19.3.

செங்குத்து முடுக்கம் 0.049 பங்கு. ஆரத்திசையோடு சேர்த்தால் 0.086. அங்கே நியூ 3.95, சரிவு −0.43. புதிய மாறிலி பழையதைப் போல 3.1 மடங்கு. அக்வலில் போட்டால் 3.0 வருகிறது.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். டூம்ரே எண் 1 ஆக இருக்க வேகச் சிதறல் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும்? ஹேலோவுக்குள் இருக்கும் நியூட்டன் வட்டுக்கு 5 கி.மீ./வி போதும். மாண்டு வட்டுக்கு 16 கி.மீ./வி வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். மண்டலங்களின் குளிர்ந்த வாயுவே வழக்கமாக 8 கி.மீ./வி அளவில் கலங்கிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து பிறந்த விண்மீன்கள் 5-ஐவிடக் கூடுதலாகவே அலையும். எனவே ஹேலோ சரியென்றால் இந்த வட்டு சிரமமே இல்லாமல் நிலைத்திருக்கும். சிதறலை அளந்தால் 8, 10 என்று எது வந்தாலும் அதற்குப் பிரச்சினை இல்லை. மாண்டு சரியென்றால் விண்மீன்களின் சிதறல் 16-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தே தீரவேண்டும். வெகு கீழே வந்தால் மாண்டுக்குப் பெரிய அடி. இவ்வளவு தெளிவாகத் தோற்கக்கூடிய ஒரு கணிப்பைக் கோட்பாடு தருவதை நான் அதன் பலமாகவே பார்க்கிறேன்.

உண்மை மண்டலத்துக்கு வரும்போது இரண்டு திருத்தங்கள் சேரும். வட்டுக்குத் தடிமன் உண்டு. அது இழுப்பைக் கொஞ்சம் தளர்த்தும். வாயுவும் விண்மீனும் தனித்தனிச் சிதறலோடு இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சூத்திரம் வேண்டும். மங்கலான மண்டலங்களில் வாயு அதிகம் என்பதால் இதைத் தவிர்க்கமுடியாது.

அப்புறம், இதே கணக்கைச் சூரியனின் சுற்றுப்புறத்தில் போட்டால் புதிய மாறிலி பழையதின் 1.35 மடங்குதான். டூம்ரே எண் 2-லிருந்து 1.5-க்கு இறங்கும். இரண்டு கோட்பாடுகளுக்கும் அது வசதியான எண்தான். பளிச்சென்ற மண்டலங்களில் இந்தச் சோதனை கூர்மையிழப்பது இதனால்தான்.

படி 6: கைகளை எண்ணுங்கள்

டூம்ரேயின் இன்னொரு கருவி அலைநீளம். ஓர் அலை எவ்வளவு நீளமாக இருந்தால் சுழற்சி அதைத் தடுத்துவிடும் என்ற எல்லை, 39.5 × ஈர்ப்பு மாறிலி × பரப்படர்த்தி ÷ எபிசைக்கிள் அதிர்வெண்ணின் வர்க்கம். நம் வட்டில் ஹேலோ கணக்கில் இது 3.1 கிலோபார்செக். மாண்டு கணக்கில் 9.5.

6 கிலோபார்செக் ஆரத்தின் சுற்றளவு 37.7. இரண்டு கைகள் என்றால் கைக்குப் பாதி, 18.9. அதை எல்லை அலைநீளத்தால் வகுத்தால் ஹேலோவில் 6.1, மாண்டில் 2.0. வகுத்து வரும் இந்த எண் 1-க்கும் 3-க்கும் இடையில் இருந்தால்தான், சுழற்சியில் இழுபடும் அலை பலமடங்கு பெருகும் என்று டூம்ரே 1981-இல் காட்டினார். ஆக ஒரே வேகம், ஒரே வட்டு; ஆனால் ஹேலோவுக்குள் இரு பெரிய கைகள் வளர வழியில்லை, மாண்டில் தாராளமாக வளரும். ஹேலோ வட்டில் வளர்ந்தால் ஆறு ஏழு என்று துண்டுதுண்டான சன்னக் கைகள்தான் வளரும்.

மங்கலான மண்டலங்கள் பலவற்றில் தெளிவான சுருள் கைகள் தெரிகின்றன. 1998-இல் ஸ்டேசி மெக்காவும் எர்வின் டி பிளாக்கும் இதை ஹேலோவுக்கு எதிரான சான்றாகச் சுட்டினார்கள். கரும்பொருள் பக்கத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. வட்டை இன்னும் கனமாக வைத்தால் கைகள் வளரும். ஆனால் புர்கார்ட் ஃபுக்ஸ் அப்படிக் கணக்கிட்டபோது, அந்த விண்மீன் கூட்டத்தின் நிறத்தைப் பார்த்தால் எதிர்பார்க்க முடியாத அளவுக்கு நிறை தேவைப்பட்டது. எல்லை அலைநீளம் ஆரத்தையே தாண்டிவிடும்போது உள்ளூர்க் கணக்கு தள்ளாடத் தொடங்கும் என்பதையும் இங்கே நேர்மையாகச் சொல்லவேண்டும். 9.5 என்ற எண்ணைத் திசைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், அளவுகோலாக அல்ல.

எல்லா மாற்று ஈர்ப்பும் மாண்டு அல்ல

கனடாவின் ஜான் மொஃபாட் 2006-இல் தந்த கோட்பாட்டில் ஈர்ப்பு தூரத்தைப் பொறுத்து வலுக்கிறது. வழக்கமாகப் பயன்படும் அளவுருக்கள் இரண்டு: ஈர்ப்பு எவ்வளவு வலுக்கும் என்பதற்கு 8.89, எந்தத் தூரத்தில் வலுக்கும் என்பதற்குக் கிலோபார்செக்குக்கு 0.042. அதாவது சுமார் 24 கிலோபார்செக் தாண்டித்தான் மாற்றம் முழுமையாகத் தலைகாட்டும். வட்டில் 5 கிலோபார்செக் நீள அலைக்கு இதைப் போட்டுப் பார்த்தேன்: இழுப்பு அரை சதவீதம்தான் கூடுகிறது. 10 கிலோபார்செக் அலைக்கு 2 சதவீதம். ஆக உள்ளூர் நிலைத்தன்மையில் அது நியூட்டனிலிருந்து அநேகமாக விலகுவதே இல்லை. மாண்டில் 3 மடங்கு, இங்கே அரை சதவீதம். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு 'மாற்று ஈர்ப்பு வட்டைக் குலைக்கும்' என்றோ 'காக்கும்' என்றோ பேசுவது அர்த்தமற்றது.

படி 7: அடர்த்தி எல்லையைச் சரிபாருங்கள்

மில்குரோம் மாறிலியை ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் ஒரு பரப்படர்த்தி கிடைக்கும்: சதுர மீட்டருக்கு 1.8 கிலோ. அதை 2 × பையால் வகுத்தால் சதுர பார்செக்குக்கு 137 சூரிய நிறை. இதற்கு மேல் அடர்ந்த வட்டு நியூட்டன் பக்கம் விழுந்து, மாண்டு தரும் பாதுகாப்பை இழந்துவிடும். இதற்குக் கீழுள்ளது நிலைக்கும். 1970-இல் கென் ஃபிரீமன், பளிச்சென்ற சுருள் மண்டலங்களின் மைய ஒளிர்வு ஒரே மதிப்பைச் சுற்றிக் குவிவதைக் கண்டார். அந்த ஒளிர்வை நிறையாக மாற்றினால் இந்த எல்லையை ஒட்டி வருகிறது. 1989-இல் மில்குரோம் இந்த இரண்டையும் இணைத்தார். உங்கள் மண்டலத்தின் மையம் இந்த எல்லைக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணினி வேலைக்கு அது உதவும்.

படி 8: முழு வட்டையும் ஓட்டிப் பாருங்கள்

உண்மைத் தரவு வேண்டுமென்றால் ஸ்பார்க் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. 175 மண்டலங்களுக்கு அளந்த சுழற்சி வேகமும், வாயு, வட்டு, மையக்குமிழ் ஒவ்வொன்றும் தரும் பங்கும் அதில் தனித்தனியாக இருக்கும். விண்மீன்களின் பங்குகள் நிறை-ஒளி விகிதம் (ஒரு சூரியனின் ஒளிக்கு எத்தனை சூரிய நிறை என்பது) 1 என்று வைத்துத் தரப்பட்டவை, வட்டுக்கு 0.5, குமிழுக்கு 0.7 என்று நீங்கள் மாற்றவேண்டும். வேகத்தை அல்ல, வேகத்தின் வர்க்கத்தை இந்த எண்ணால் பெருக்கவேண்டும். வாயுவின் பங்கு சில இடங்களில் எதிர்க்குறியில் வரும். வர்க்கம் எடுக்கும்போது அந்தக் குறியைக் காப்பாற்றுங்கள்.

பட்டை உருவாகுமா என்ற கேள்விக்குக் கைக்கணக்கு போதாது. கியூமாண்டுக்கு 'ஃபேன்டம் ஆஃப் ராம்சேஸ்' என்ற நிரல் 2015 முதல் பொதுவில் இருக்கிறது. அதை ஓட்டுமுன், முன்பு ஓட்டியவர்கள் என்ன கண்டார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. 1999-இல் ராஃபி பிராடாவும் மில்குரோமும் வட்டின் நிறையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். ஹேலோவுக்குள் இருந்த வட்டு போகப் போக முற்றிலும் அடங்கிவிட்டது. மாண்டு வட்டோ ஓரளவு அடங்கி, அதற்குமேல் அடங்க மறுத்தது. படி 3-இல் பார்த்த அந்தப் பாதி விகிதத்தின் விளைவு இது.

2007-இல் பாரிஸ் வானாய்வகத்தின் ஒலிவியே திரேவும் ஃபிரான்சுவாஸ் கோம்பும் செய்த ஓட்டங்களில் மாண்டு வட்டில் பட்டை சீக்கிரம் தோன்றி, பிறகு வலுவிழந்தது. கரும்பொருள் வட்டில் தாமதமாகத் தோன்றி, நீண்ட காலம் வளர்ந்துகொண்டே போனது. ஹேலோவின் துகள்கள் பட்டையின் கோண உந்தத்தை வாங்கிக்கொள்வதுதான் காரணம். ஆஸ்ட்ரைக்கரும் பீபிள்ஸும் நினைத்த அசையாத ஹேலோ வட்டைக் காக்கும். உயிருள்ள ஹேலோ பட்டையை ஊட்டி வளர்க்கவும் செய்யும். எனவே ஒப்பிடும்போது ஹேலோவையும் துகள்களாகவே வையுங்கள். நிலையான பின்னணியாக வைத்தால் ஒப்பீடே செல்லாது.

பட்டையின் சுழற்சி வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கனமான பொருள் துகள் கூட்டத்துக்குள் நகர்ந்தால் உராய்வு ஏற்பட்டு வேகம் குறையும் என்பதை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943-இல் கணக்கிட்டார். அந்த இயக்க உராய்வு ஹேலோவுக்குள் பட்டையை மெதுவாக்கும். ஹேலோ இல்லாவிட்டால் மெதுவாக்க ஆளில்லை. பட்டையோடு விண்மீன்கள் ஒரே வேகத்தில் சுற்றும் ஆரத்தைப் பட்டையின் நீளத்தால் வகுத்து, 1.4-க்குக் கீழே வந்தால் வேகமான பட்டை என்கிறோம். அளந்தவற்றில் பெரும்பாலானவை வேகமானவையே.

கடைசியாக, அண்டை மண்டலத்தை மறந்துவிடாதீர்கள். மாண்டில் வெளியிலிருந்து வரும் சீரான ஈர்ப்புகூட உள்ளே நடப்பதை மாற்றும். நியூட்டனில் அப்படி இல்லை. முக்கோண விண்மீன் மண்டலமான எம்33 இதற்கு நல்ல பாடம். அதில் இருப்பது பலவீனமான பட்டை மட்டுமே. ஜெரி செல்வுட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2019-இல் கரும்பொருளோடு ஓட்டியபோது வலுவான பட்டை வந்து நின்றது. பானிக் குழு 2020-இல் மாண்டில் தனியாக ஓட்டியபோது 100 கோடி ஆண்டுக்குள் வலுவான பட்டை தோன்றி, சீக்கிரமே தளர்ந்து, காணப்படும் அளவுக்கு இறங்கியது. ஆனால் மையத்தில் சுழற்சி வேகம் தேவைக்கு மேல் செங்குத்தாக ஏறியது. பிறகு எம்33-இன் பெரிய அண்டை மண்டலமான ஆந்திரமேடாவின் இழுப்பாக 8.4 × 10⁻¹² மீ/வி² சேர்த்தார்கள். மில்குரோம் மாறிலியின் 7 சதவீதம்தான் அது. மையத்தில் நிறை குவிவது குறைந்து, வேக வளைகோடு எம்33-ஐ நெருங்கி வந்தது. நீங்கள் எடுக்கும் மண்டலத்துக்குப் பெரிய அண்டை இருந்தால், தனியாக ஓட்டிய விடையை வைத்துக் கோட்பாட்டைத் தள்ளவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். அந்த வெளி ஈர்ப்பைச் சேர்த்து இன்னொரு முறை ஓட்டுங்கள்.